லியோன் ஃப்ளைஷர்: கை போனதால்தான் ஆசிரியர் ஆனாரா?

எண்பத்தெட்டுக்கட்டை எழுதியது:

மேற்கத்திய இசைப் பகுதியில் லியோன் ஃப்ளைஷருக்கென்று ஓர் இழை இதுவரை இல்லை. இருந்தே ஆக வேண்டிய ஆள் என்பதால் நானே தொடங்குகிறேன்.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வருகிறது. பெரிய பியானோ கலைஞர். 36 வயதில் வலது கை கைவிட்டது. வேறு வழியில்லாமல் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். முப்பது ஆண்டுகள் கழித்துக் கை ஓரளவு திரும்பியது, மறுபடி மேடை ஏறினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்தக் கதையில் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க ஏதோ காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

முதலில் ஆண்டுகளைப் பாருங்கள். பால்டிமோரில் உள்ள பீபாடி கன்சர்வேட்டரி என்கிற இசைக் கல்லூரியில் அவர் ஆசிரியராகச் சேர்ந்தது 1959. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தாமாக உள்ளே மடங்கத் தொடங்கியது 1964. அதாவது சேர்ந்தபோது அவருக்கு 31 வயதுக்கு மேல் இல்லை. இரண்டு கையும் நன்றாக இருந்தன. நடத்துநர் ஜார்ஜ் செல்லின் கிளீவ்லேண்ட் இசைக்குழுவோடு சேர்ந்து, இன்றைக்கும் முன்மாதிரியாகச் சொல்லப்படும் பதிவுகளைச் செய்துகொண்டிருந்த காலம் அது. அப்போது யாரும் அவரை வகுப்பறைக்குள் தள்ளவில்லை.

ஏன் போனார் என்று புரிந்துகொள்ள அவருடைய சிறுவயதுக்குப் போக வேண்டும். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஒடெஸாவிலிருந்து வந்து தொப்பி செய்து விற்றவர், அம்மா போலந்துக்காரர். பியானோ பாடம் முதலில் ஏற்பாடானது அண்ணனுக்குத்தான். பாடம் முடிந்து அண்ணன் விளையாட ஓடியதும், மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பி போய், டீச்சர் சொன்ன எல்லாவற்றையும் வாசித்துவிடுவானாம். சரி, பாடம் தம்பிக்கு மாறியது. எட்டு வயதில் முதல் கச்சேரி.

அப்புறம்தான் ஆர்தர் ஷ்னாபெல் வருகிறார். பேத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட தனி வாசிப்புப் படைப்புகள்) முதன்முதலாக முழுமையாகப் பதிவு செய்தவர். 16 வயதுக்குக் கீழ் யாரையும் மாணவராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார். அதனால் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டில் அவருக்கு விருந்து வைத்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பையனை ரகசியமாகக் கொண்டுவந்து பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர் கேட்டே ஆக வேண்டியதாகிவிட்டது. 1938இல், ஒன்பது வயதில், அம்மாவோடு இத்தாலியின் கோமோ ஏரிக்கரைக்குப் போய்ப் பாடம் தொடங்கினான். பத்து ஆண்டுகள் ஷ்னாபெலிடம்.

ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் செர்னி. செர்னிக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேத்தோவன். இந்த வரிசையில் வாசிப்பும் கற்பித்தலும் தனித்தனி வேலையாக இருந்ததே இல்லை. ஷ்னாபெல் ஒருவருக்குப் பாடம் எடுக்கும்போது மற்ற மாணவர்கள் எல்லோரும் அதே அறையில் உட்கார்ந்து கேட்பார்கள். அப்படி வளர்ந்த ஒருவருக்கு வகுப்பறை எப்படி இரண்டாம்பட்ச இடமாக இருக்கும்?

இதுதான் என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

---

பழையரெக்கார்டு எழுதியது:

நல்ல தொடக்கம். அவர் எந்த உயரத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இழப்பின் அளவு தெரியாது.

1944இல், 16 வயதில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு சேர்ந்து ஒருவர் முன்னணியில் வாசிக்கும் படைப்பு) வாசித்தார். நடத்தியவர் பியர் மோந்தூ. பிராம்ஸின் அந்த டி மைனர் கான்செர்ட்டோ ஒரு சிறுவன் தொடுகிற விஷயமே இல்லை. இந்த நூற்றாண்டின் பியானோ கண்டுபிடிப்பு என்று மோந்தூ சொன்னார். 1952இல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் முதல் பரிசு. அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான்.

அதன் பிறகு செல்லோடு பேத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்கள், பிராம்ஸின் இரண்டு. ஜார்ஜ் செல் மகா கறார் பேர்வழி. ஒரு சுரம் இங்கே அங்கே நகர்ந்தாலும் விடமாட்டார். ஆனாலும் பேத்தோவனின் நான்காவதைக் கேளுங்கள், பியானோ தனியாகத் தொடங்கும் அந்த முதல் சில அடிகள். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசரமே அதில் இல்லை. வீட்டில் என் எல்பி தேய்ந்து கரகரக்கிறது, இருந்தும் வேறு பதிவுக்கு மாற மனம் வரவில்லை.

---

மழைக்காலம் எழுதியது:

எண்பத்தெட்டுக்கட்டை, நீங்கள் சொல்லும் ஆண்டுக் கணக்கு சரி. ஆனால் அதை வைத்து நீங்கள் கட்டுகிற வாதம் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு கையும் இருக்கும்போது வாரத்தில் சில மணி நேரம் பாடம் எடுப்பது ஒன்று. வாசிக்கவே முடியாமல் போன பிறகு பாடம் மட்டுமே மிஞ்சுவது முற்றிலும் வேறு.

கை போன காலத்தைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1965இல் கிளீவ்லேண்ட் இசைக்குழு சோவியத் யூனியனுக்குப் பெரிய பயணம் புறப்பட இருந்தது. அவர் மொசார்ட் வாசிப்பதாக ஏற்பாடு. கையின் நிலையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னவர் செல்தான். அதன் பிறகு மணவாழ்க்கை முறிந்தது. உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததாகவும் சொல்லியிருக்கிறார். தாடி, நீண்ட முடி, வெஸ்பா ஸ்கூட்டர் என்று தன்னையே வேறு ஆளாக மாற்றிப் பார்த்தார். நறுமண சிகிச்சையில் தொடங்கி ஜென் வரைக்கும் எல்லாவற்றையும் முயன்றார். ஆசிரியப் பணியே தன் உயிர்மூச்சு என்று நினைத்த மனிதர் இப்படியா அலைவார்?

கற்பித்தலை உயர்த்த வேண்டும் என்பதற்காக அவருடைய வலியைக் குறைத்துக் காட்டக்கூடாது. என் ஆதங்கம் அவ்வளவுதான்.

---

எண்பத்தெட்டுக்கட்டை எழுதியது:

மழைக்காலம், வலியைக் குறைத்துக் காட்ட நான் விரும்பவில்லை. நீங்கள் எழுதியது அத்தனையும் நடந்தது. கை போன பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் நொறுங்கிப் போனார் என்பதில் மறுபேச்சில்லை.

நான் கேட்பது வேறு. அந்தக் குழியிலிருந்து அவர் எதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்? வாசிப்பு மட்டுமே தன் உறவு என்று நினைத்திருந்தவர், இசையோடு தனக்குள்ள உறவு இரண்டு கை வாசிப்பை விடப் பெரியது என்று உணர்ந்ததாகச் சொல்கிறார். அதை உணர்ந்த இடம் எது? பீபாடியின் அந்த அறை. அங்கே மாணவர்கள் வாரம் தவறாமல் வந்துகொண்டே இருந்தார்கள். அப்புறம் நடத்துநராகவும் ஆனார். வாஷிங்டனில் அறை இசைக்குழு ஒன்றைத் தொடங்கி நடத்தினார், அனாபொலிஸ் இசைக்குழுவை நடத்தினார், பால்டிமோர் சிம்ஃபனியில் துணை நடத்துநராக இருந்தார். எல்லாம் உண்மை. இருந்தும் அறுபது ஆண்டுக்கு மேல் விடாமல் செய்த ஒரே வேலை கற்பித்தல்தான். கை வந்தது, போனது, மறுபடி வந்தது. பாடம் நிற்கவே இல்லை.

---

நெல்லைநரம்பு எழுதியது:

நான் நரம்பியல் மருத்துவன். பியானோ தெரியாது, கேட்பதோடு சரி. அவருக்கு இருந்த பிரச்சினையைப் பற்றிப் பலரும் வாதம், பக்கவாதம், நரம்பு செத்துப்போனது என்றெல்லாம் எழுதுகிறார்கள். எதுவும் இல்லை. அதன் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா.

கையில் தசையும் சரியாக இருக்கும், எலும்பும் சரியாக இருக்கும். கோளாறு மூளையில். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனியாக ஓர் இடம் உண்டு. ஒரே மாதிரியான நுணுக்கமான அசைவை ஆண்டுக்கணக்கில் லட்சக்கணக்கான தடவை செய்யும் சிலருக்கு, அந்த இடங்களின் எல்லை கலங்கிப் போகிறது. நான்காம் விரலை அசை என்று சொன்னால் ஐந்தாம் விரலும் சேர்ந்து மடங்கும். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. பலருக்கு அந்த ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும்தான் வரும். அதே கையால் மற்ற வேலைகளைச் செய்துவிடுவார்கள். இதனாலேயே பல காலம் இதை மனப்பிரச்சினை என்று தள்ளிவிட்டார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். பயத்தால் வெளியே சொல்லாதவர்கள் நிறைய.

ஃப்ளைஷர் செய்த காரியம், நோயாளிகள் பலரும் செய்வதுதான். கை சொன்னபடி கேட்கவில்லை என்றதும் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார், ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம். இந்த நோய்க்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. தவறான பாடத்தை மூளைக்கு மேலும் மேலும் படிப்பித்ததாகத்தான் ஆகும்.

நோயின் பெயர் அவருக்குத் தெரிய வந்தது 1991இல். அதாவது பெயரே தெரியாமல் கால் நூற்றாண்டுக்கு மேல். 1990களின் நடுவில் போட்டாக்ஸ் ஊசி போட ஆரம்பித்தார்கள். அதிகமாக இழுக்கும் தசையை அது தளர்த்தும். நரம்பு முனையில் சமிக்ஞை போகாமல் தடுக்கும். சில மாதங்கள்தான் தாங்கும், மறுபடி போட வேண்டும். அளவு கொஞ்சம் கூடினாலும் விரல் வலுவிழந்துவிடும். மூளையில் உள்ள மூல காரணத்தை அது தொடுவதில்லை. கூடவே ரோல்ஃபிங் என்கிற ஆழமான உடல் பிடிப்பு முறையையும் செய்துகொண்டார். தான் முழுக்கக் குணமாகிவிட்டதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. மருத்துவனாக அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதிசயம் நடந்தது என்று சொல்லியிருந்தால் ஊடகங்கள் இன்னும் கொண்டாடியிருக்கும்.

இந்த நோய் உள்ள கலைஞர்களுக்காக ஓர் அமைப்பை 2000இல் சேர்ந்து தொடங்கியதும் அவர்தான்.

---

கோவைபியானோடீச்சர் எழுதியது:

டாக்டர் சார், மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் விளக்கி நான் படித்ததில்லை.

ஃப்ளைஷர் கற்பித்த முறையைப் பற்றி எழுதத்தான் வந்தேன். நான் குழந்தைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். இந்த இழையில் நடக்கும் விவாதத்துக்கு விடை அவருடைய வகுப்பிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

கை நன்றாக இருந்த காலத்தில் அவரும் எல்லோரையும் போலத்தான் சொல்லிக் கொடுத்தார். மாணவர் ஓர் இடத்தில் தடுமாறினால், கொஞ்சம் எழுந்திரு என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். இப்படி, பார்த்தாயா? முடிந்தது பாடம். நாங்கள் எல்லோரும் தினமும் செய்வது இதுதான். நேரம் மிச்சம், தொண்டைத்தண்ணீரும் மிச்சம்.

1964க்குப் பிறகு அது முடியாமல் போயிற்று. தான் உள்ளே கேட்பதை வார்த்தையால்தான் மாணவருக்குள் கடத்த வேண்டும். அதற்கு முன்னால், தான் என்ன கேட்கிறோம், ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று தனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொற்றொடர் ஏன் இங்கே சாய்கிறது, இந்த சுரம் ஏன் அடுத்ததை நோக்கிப் போகிறது, இந்த மௌனம் ஏன் இவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இதனால்தான் தான் நல்ல ஆசிரியர் ஆனேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது மூன்று பேர் என்கிற விஷயம். வாசிக்கிறவர் ஒரே நேரத்தில் மூன்று ஆட்களாக இருக்க வேண்டும். முதல் ஆள், விரல் கட்டையைத் தொடும் முன்பே அந்த ஒலியை மனத்துக்குள் கேட்டுவிடுகிறார். இரண்டாம் ஆள் கட்டையை அழுத்துகிறார். மூன்றாம் ஆள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வெளியே வந்த ஒலியைக் கேட்கிறார். முதல் ஆள் விரும்பியதும் மூன்றாம் ஆள் கேட்டதும் ஒன்றாக இல்லையென்றால், இரண்டாம் ஆளிடம் இதை மாற்று என்று சொல்ல வேண்டும். இது ஒவ்வொரு கணமும் நடக்க வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டாம் ஆளை மட்டும்தான் வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். விரல் ஓடும், காது தூங்கும். தேர்வுக்கு மூன்று உருப்படியைத் தயார் செய்து முடித்துவிடுவார்கள், அதே உருப்படியை அடுத்தவர் வாசித்தால் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிப்பார்கள். இப்போதெல்லாம் புதுப் பாடம் எடுக்கும்போது, கையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரியை மனத்துக்குள் முழுக்கக் கேட்ட பிறகுதான் கட்டையைத் தொடலாம் என்று வைத்திருக்கிறேன். பெற்றோர் சிலருக்கு இது நேரவிரயமாகத் தெரிகிறது. நான் விடுவதில்லை.

லயத்தைப் பற்றியும் அவர் ஒன்று சொல்வார். தாமதமாகிவிடாமல், எவ்வளவு தாமதமாக வாசிக்க முடியுமோ அவ்வளவு தாமதமாக வாசி. மெதுவாக வாசி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு அடியும் வந்து விழுவதற்கு அதற்குரிய இடத்தைக் கொடு, முன்னால் முந்திக்கொண்டு பறிக்காதே என்பதுதான். வேகமான பகுதியில் ஓடுகிற பிள்ளைகளிடம் 'ஓடாதே' என்று நூறு தடவை சொன்னால் நடக்காதது, இந்த ஒரு வாக்கியத்தில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

---

மழைக்காலம் எழுதியது:

டீச்சர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. வாசித்துக் காட்டாமல் இசையைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? நான் வீணை கற்றது முழுக்க முழுக்க என் குரு வாசிப்பதைக் கேட்டு, அப்படியே திருப்பி வாசித்து. ஒரு கமகத்தை எத்தனை பக்கம் எழுதினாலும் புரிய வைக்க முடியாது. காதில் விழ வேண்டும். வார்த்தைக்கு மாறியதை முன்னேற்றம் என்று சொல்லும்போது, வாசித்துக் காட்டும் முறை ஏதோ கீழான முறை போல ஆகிறது.

---

கோவைபியானோடீச்சர் எழுதியது:

கீழான முறை இல்லவே இல்லை, மழைக்காலம். உங்கள் இசைக்கு அதுதான் வழி. கமகம் தாளில் இல்லை, குருவிடம்தான் இருக்கிறது. பேத்தோவன் சொனாட்டாவில் நிலைமை வேறு. சுரம் அத்தனையும் அச்சில் இருக்கிறது. மாணவரும் ஆசிரியரும் ஒரே தாளைத்தான் பார்க்கிறார்கள். ஆசிரியர் வாசித்துக் காட்டினால், மாணவர் தாளைப் படிப்பதை விட்டுவிட்டு ஆசிரியரைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

இது ஃப்ளைஷருக்கே நடந்திருக்கிறது. ஷ்னாபெல் 19 வயதில் அவரை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பத்து ஆண்டுகள் அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு வளர்ந்த பையனுக்குத் திடீரென்று கேட்க ஆளில்லை. கொஞ்ச காலம் திக்குத் தெரியாமல் தவித்திருக்கிறார். பிறகுதான், எதையும் தாமே கண்டுபிடித்துக்கொள்ள முடியும் என்கிற தைரியம் வந்தது. அதனால்தான் தன் மாணவர்களைத் தன் நகல்களாக ஆக்காமல் இருந்தார் என்று நினைக்கிறேன். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் ப்ரோன்ஃப்மன், லூயி லோர்ட்டி, ஜோனதன் பிஸ் நான்கு பேரையும் கேட்டுப் பாருங்கள். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்று சொன்னால் நம்பவே முடியாது.

---

பழையரெக்கார்டு எழுதியது:

டீச்சர் சொன்ன பெயர்களில் வாட்ஸைப் பற்றி ஒரு சேதி. 1963இல் 16 வயதில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு லிஸ்ட் கான்செர்ட்டோ வாசித்து, தொலைக்காட்சி வழியாக ஒரே நாளில் நாடறிந்தவர் ஆனார். அதன் பிறகுதான் பீபாடியில் ஃப்ளைஷரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டே படித்தார். கை இழந்த ஆசிரியரிடம், உலகமே கூப்பிடும் கை உள்ள பையன் போய்ப் பாடம் கேட்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. பிற்காலத்தில் வாட்ஸும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

---

தெற்குவாசல் எழுதியது:

1982ஐப் பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பாதித்த இடம் அதுதான்.

மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்து, கை கொஞ்சம் தேறியது போலத் தெரிந்தது. பால்டிமோரில் மேயர்ஹாஃப் அரங்கம் புதிதாகத் திறக்கிறார்கள். ஃப்ளைஷர் இரண்டு கையால் திரும்பி வருகிறார் என்று பத்திரிகை எல்லாம் எழுதுகிறது. முதலில் பேத்தோவனின் நான்காவது வாசிப்பதாகத்தான் இருந்தது. கை தாங்காது என்று தெரிந்து, ஃப்ராங்கின் சிம்ஃபனிக் வேரியேஷன்ஸுக்கு மாற்றிக்கொண்டார். வாசித்தார். அரங்கமே எழுந்து நின்றது. பத்திரிகைகள் வெற்றி என்று எழுதின.

அவருக்கு மட்டும் தெரியும், கை சரியாகவில்லை என்று. இரண்டு கை வாசிப்பைத் தொடராமல் மறுபடி இடது கைக்கே திரும்பினார். இத்தனை பேர் கைதட்டும்போது, 'இல்லை, இது சரியில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும். டீச்சர் சொன்னாரே, தள்ளி உட்கார்ந்து கேட்கும் மூன்றாம் ஆள், அந்த ஆள் அன்று அவருக்குள் விழித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

---

எண்பத்தெட்டுக்கட்டை எழுதியது:

தெற்குவாசல், அருமை. இதை எழுதியதற்கு நன்றி.

இடது கை என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த வியன்னாக்காரர் பால் விட்கென்ஸ்டைன். தத்துவ ஞானி லுட்விக்கின் அண்ணன். குடும்பத்தில் பணத்துக்குக் குறைவில்லை. அன்றைய பெரிய இசையமைப்பாளர்களை எல்லாம் அணுகி, இடது கைக்கு மட்டும் கான்செர்ட்டோ எழுதித் தரச் சொன்னார். ராவெல் எழுதினார், புரோகோஃபியெவ் எழுதினார், பிரிட்டன் எழுதினார். ஃப்ளைஷர் முப்பது ஆண்டுகள் மேடையில் வாசித்தது பெரும்பாலும் இந்தப் படைப்புகளைத்தான். ராவெலின் இடது கை கான்செர்ட்டோவைக் கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கைதான் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹிண்டெமித் 1923இல் எழுதிக் கொடுத்ததை விட்கென்ஸ்டைன் வாசிக்கவே இல்லை, பிரதியையும் வெளியே விடவில்லை. அவருடைய மனைவி இறந்த பிறகுதான் அது கிடைத்தது. 2004 டிசம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு சைமன் ராட்டில் நடத்த, அதை முதன்முதலாக உலகுக்கு வாசித்துக் காட்டியவர் ஃப்ளைஷர். அப்போது அவருக்கு 76 வயது. எண்பது ஆண்டு காத்திருந்த இசை.

---

தெற்குவாசல் எழுதியது:

கேரி கிராஃப்மனையும் இங்கே சேர்க்க வேண்டும். ஃப்ளைஷருக்கும் அவருக்கும் ஒரே வயது, இளமையிலேயே நண்பர்கள். அவருக்கும் வலது கை 1970களின் கடைசியில் போனது. 1986இல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் நிறுவனத்துக்கு இயக்குநர் ஆனார். லாங் லாங், யுஜா வாங் இருவரும் அவரிடம் படித்தவர்கள்.

இசையமைப்பாளர் வில்லியம் போல்கம் இவர்கள் இருவருக்காகவும் ஒரு காரியம் செய்தார். இடது கைக்கு இரண்டு கான்செர்ட்டோ. ஒன்று கிராஃப்மனுக்கு, ஒன்று ஃப்ளைஷருக்கு. தனித்தனியாக வாசித்தாலும் முழுமையாக இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து வாசித்தால் மூன்றாவது கான்செர்ட்டோ ஒன்று வரும். 1996இல் பால்டிமோரில் முதல் கச்சேரி. இதைச் சாத்தியமாக்க எழுதியவர் எவ்வளவு கணக்குப் போட்டிருப்பார்!

---

மழைக்காலம் எழுதியது:

நான் வேறொரு பெயரையும் சேர்க்கிறேன், இந்த விவாதத்துக்குப் பொருந்தும். பியானோ கலைஞர் கிளாரா ஷூமன். அறுபது ஆண்டுக்கு மேல் மேடை கண்டவர். 1878இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோக் கன்சர்வேட்டரியில் ஆசிரியரானார், 1892 வரை கற்பித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1877இல், பிராம்ஸ், பாக் தனி வயலினுக்கு எழுதிய ஷக்கோன் என்கிற படைப்பை இடது கைக்கு மட்டும் பியானோவில் அமைத்து அவருக்கு அனுப்பினார். அது வந்து சேர்ந்த நேரம் கிளாராவின் வலது கை தசைநார் இழுபட்டு வாசிக்க முடியாமல் இருந்தது. பிராம்ஸுக்கு அது தெரியாது. அதே ஷக்கோனைத்தான் ஃப்ளைஷரும் பல ஆண்டுகள் வாசித்தார்.

ஆசிரியரான பிறகும் கிளாரா மேடையை விடவில்லை, 1891 வரை வாசித்தார். எண்பத்தெட்டுக்கட்டை, இந்த இடத்தில் நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன்: பழைய ஆட்களுக்கு இரண்டும் ஒரே வாழ்க்கைதான். ஃப்ளைஷருக்கும் அப்படி இருந்திருக்கலாம், இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஒன்று பறிக்கப்பட்டது. அது நல்லதுக்குத்தான் நடந்தது என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். முப்பத்தாறிலிருந்து அறுபத்தைந்து வரை அவர் வாசித்திருக்கக்கூடிய ஷூபர்ட் நமக்குக் கிடைக்கவே இல்லை.

---

எண்பத்தெட்டுக்கட்டை எழுதியது:

நல்லதுக்குத்தான் என்று நானும் சொல்ல மாட்டேன். அந்த ஷூபர்ட் போனது போனதுதான். அந்த இழப்புக்கு ஈடாகத்தான் மாணவர்கள் கிடைத்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கை நன்றாக இருந்திருந்தாலும் அந்த மாணவர்கள் இருந்திருப்பார்கள். என் கட்சி அவ்வளவுதான்.

---

கிரேடுஆறு எழுதியது:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், பியானோ ஆறாம் கிரேடு. இந்த இழையை முழுக்கப் படித்தேன். அவரை இதுவரை கேட்டதே இல்லை. எங்கே தொடங்குவது? அவர் பாடம் எடுப்பதைப் பார்க்க முடியுமா?

---

எண்பத்தெட்டுக்கட்டை எழுதியது:

தாராளமாக. முதலில் பேத்தோவன் நான்காவது கான்செர்ட்டோ, செல்லோடு செய்தது. பழையரெக்கார்டு சொன்ன அந்தத் தொடக்கத்துக்காக. இரண்டாவது, ராவெலின் இடது கை கான்செர்ட்டோ. மூன்றாவது, இரண்டு கையாலும் வாசித்து 2004இல் வெளிவந்த தொகுப்பு. அதில் பாக்கின் சின்ன உருப்படிகளும் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவும் இருக்கின்றன. அது பி ஃப்ளாட். அவசரப்படாமல் கேள், நாற்பது நிமிடம் ஒதுக்கி வைத்துக்கொள். 1960இல் வாசித்த விரல்கள் அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுரமும் விழும் முன்பே அவர் அதைக் கேட்டுவிட்டார் என்பது உனக்கே தெரியும்.

அவருடைய மாஸ்டர் கிளாஸ் (பார்வையாளர் முன்னால் மாணவருக்குப் பாடம் எடுப்பது) காணொளிகள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. மாணவர் வாசித்து முடித்ததும் அவர் உடனே எதுவும் சொல்ல மாட்டார், கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார். அந்த இடத்தை ஓட்டிவிடாதே. 2020 ஆகஸ்டில், 92 வயதில், பால்டிமோரில் காலமாகும் வரை கற்பித்துக்கொண்டே இருந்தார், அதனால் முதுமைக் காலப் பாடங்களும் கிடைக்கும்.

---

கோவைபியானோடீச்சர் எழுதியது:

தம்பி, பார்க்கும்போது அவர் பேசும் உருப்படியின் நோட்ஸை எதிரே வைத்துக்கொள். அவர் ஒரு குறையைச் சொல்லும் முன் காணொளியை நிறுத்து. நீயாக இருந்தால் அந்த மாணவரிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று எழுதி வை. பிறகு ஓடவிட்டு அவர் என்ன சொன்னார் என்று பார். ஆறாம் கிரேடுக்கு இது முடியும். எழுதியதை இங்கே போடு, பேசுவோம்.

---

கிரேடுஆறு எழுதியது:

சரி அக்கா. ஷூபர்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.